ஒரு சொல் விழுங்கிய நிலம்: மும்பைப் பஞ்சாலைகளும் அடுக்குமாடி வளாகங்களும்

மும்பையின் லோயர் பரேல் பகுதியில், சேனாபதி பாபட் சாலையை ஒட்டி ஓர் உயர்ந்த புகைபோக்கி நிற்கிறது. அதிலிருந்து புகை வருவதில்லை. அதைச் சுற்றிலும் வெளிநாட்டு நிறுவனங்களின் துணிக்கடைகள், திரையரங்குகள், உணவகங்கள், அலுவலகங்கள், குடியிருப்புக் கோபுரம், நட்சத்திர விடுதி. 1905ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பீனிக்ஸ் பஞ்சாலையின் நிலம் இது. கடை, வீடு, அலுவலகம், விடுதி ஆகிய அனைத்தும் ஒரே வேலிக்குள் அமைந்த இத்தகைய கலப்புப் பயன்பாட்டு வளாகங்கள் மும்பையின் பழைய ஆலைப் பகுதியான ‘கிர்ண்காவ்’ முழுவதும் எழுந்துவிட்டன. புகைபோக்கி மட்டும் அழகுப் பொருளாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதன் கீழே உழைத்தவர்களின் வாரிசுகள், நகருக்குள் ஒரு வீடு கேட்டு இன்றும் ஆசாத் மைதானத்தில் அமர்கிறார்கள்.

இந்த மாற்றத்தைப் ‘பொருளாதார வளர்ச்சியின் இயல்பான விளைவு’ என்று சொல்வோர் உண்டு. பஞ்சாலைத் தொழில் நலிந்தது, நிலத்தின் விலை ஏறியது, கட்டடம் வளர்ந்தது என்று மூன்றே வாக்கியங்களில் கதையை முடித்துவிடுவார்கள். ஒரு வழக்குரைஞராக நான் படித்தறிந்த கதை வேறு. நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை ஒரு சட்டவிதியும், அந்த விதியில் இருந்த ஒரு சொல்லின் பொருளும் தீர்மானித்தன. அந்தச் சொல்லைத் தேடிச் செல்வதற்கு முன், ஆலைக்குள் யார் இருந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆலைக்குள் இருந்த சேரி

பம்பாய்ப் பஞ்சாலைகளில் தலித் தொழிலாளர்கள் பெருந்திரளாக வேலை செய்தனர். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்து வறண்ட மாவட்டங்களிலிருந்தும் வந்த மகர் குடும்பங்களுக்கு ஆலை வேலை, ஊர்ச்சேரியின் கட்டாய ஊழியத்திலிருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது. ஆனால் ஆலைக்குள்ளும் சாதி ஒரு சுவரை எழுப்பியிருந்தது. கூலி குறைந்த நூற்புப் பிரிவில் அவர்களுக்கு இடமுண்டு. கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் இடமில்லை. நாடாவில் நூல் தீர்ந்ததும், புதிய நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால நெசவாளரின் வழக்கம். தலித் ஒருவரின் எச்சில் பட்ட நாடாவைத் தாங்கள் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். செங்கொடியின் கீழ் ஒன்றாக அணிவகுத்தவர்களை ஓர் இழை நூல் பிரித்து வைத்தது.

1928ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். நெசவுப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளிலும் தீண்டப்படாதோருக்கு வேலை என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், போராட்டத்தில் தம் மக்கள் பங்கேற்பதைத் தாம் ஆதரிக்கப் போவதில்லை என்றார். தலைவர்கள் தயக்கத்துடன் அதைச் சேர்த்துக்கொண்டனர். அவர் இதை வெளியிலிருந்து பேசவில்லை. பரேலில், ஆலைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த சால் குடியிருப்பில், சின்னஞ்சிறு அறைகளில் தம் குடும்பத்துடன் சுமார் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்கும் இந்தப் பகுதியே அடித்தளமாக இருந்தது.

ஆகவே ஆலை நிலம் என்பது முதலாளி, தொழிலாளி என்ற இரு தரப்பின் வழக்கு மட்டுமே என்று நாம் படிக்க முடியாது. குறைந்த கூலியில் தொடங்கியவரின் சேமிப்பும் ஓய்வுக்காலப் பணமும் குறைவாகவே இருக்கும். ஆலை மூடப்படும்போது எல்லோரும் வேலையை இழக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஊரில் நிலம் வைத்திருப்பவர் ஊருக்குத் திரும்பலாம்; ஊரில் சேரி மட்டுமே மிஞ்சியிருப்பவர் எங்கே திரும்புவார்?

ஒரு சொல்லின் விலை

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கம் ஒன்றே அங்கீகரிக்கப்பட்ட சங்கம். தொழிலாளர்கள் பெருவாரியாக நம்பிய தலைவருடன் பேசுவதற்கு அரசும் முதலாளிகளும் மறுக்க, அந்தச் சட்டமே கேடயமாயிற்று. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. பல ஆலைகள் மீண்டும் முழுமையாக இயங்கவில்லை. துணி உற்பத்தியைவிட ஆலையின் தரைக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கு அந்த ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது.

1991இல் மகாராஷ்டிர அரசு பெருநகர மும்பைக்கான வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அதன் 58ஆம் விதி ஆலை நிலங்களைப் பற்றியது. மறுவளர்ச்சிக்கு வரும் ஆலை நிலத்தைத் தோராயமாக மூன்று பங்காக்கச் சொன்னது அவ்விதி: ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொது வெளிகளுக்காக, ஒரு பங்கு மாநில வீட்டுவசதி வாரியத்துக்கு, எளிய மக்களின் வீடுகளுக்காக, மீதி உரிமையாளருக்கு. நிலத்தின் பரப்பைப் பொறுத்து விகிதம் சற்று மாறும். நிலத்தைக் கொடுப்பதற்கு ஈடாக, வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ கூடிய கட்டட உரிமையும் உரிமையாளருக்குக் கிடைத்தது. இது பறிமுதல் விதியன்று. நகரின் தேவையையும் உடைமையாளரின் நலனையும் சமன் செய்ய முயன்ற விதி. 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, அரசுடைமை ஆலைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒருங்கிணைத்துத் திட்டமிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது கோப்பில் உறங்கியது.

2001 மார்ச்சில் விதி திருத்தப்பட்டது. விகிதத்தில் கை வைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு? ஆலையின் மொத்த நிலத்தில் என்றிருந்தது, ‘திறந்தவெளி நிலத்தில்’ என்றாயிற்று. கட்டடம் நின்ற நிலம் கணக்கிலிருந்து வெளியேறியது. அந்தக் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், அது ‘திறந்தவெளி’ ஆகாது என்று பொருள் கொள்ளப்பட்டது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். பத்து ஏக்கர் ஆலை ஒன்றில் எட்டு ஏக்கரில் கூடங்கள், இரண்டு ஏக்கர் வெற்றிடம் என்று கொள்வோம். பழைய விதிப்படி நகரின் பொது வெளிக்குச் சுமார் மூன்றேகால் ஏக்கர் கிடைத்திருக்கும். வீட்டுவசதிக்கும் ஏறத்தாழ அதே அளவு. புதிய விதிப்படி இரண்டு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவு. பஞ்சாலைகள் நிலத்தை அடைத்துப் பரந்த கூடங்களாகக் கட்டப்பட்டவை; வெற்றிடம் அவற்றில் குறைவு என்பது திருத்தியவர்களுக்குத் தெரியாததன்று.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில், 2005 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் மொத்த நிலத்தையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7 அன்று உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லும் என்றது. ஆலைகளின் புனரமைப்பு, தொழிலாளர் நிலுவைத் தொகை, திருத்தத்தை நம்பிச் செய்யப்பட்ட முதலீடுகள் ஆகியவற்றையும் எடைபோட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. நிலுவைத் தொகை முக்கியம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளியின் நிலுவையைக் காரணம் காட்டி, தொழிலாளிக்கான வீட்டு நிலத்தைக் குறைப்பது எத்தகைய சமன்பாடு என்ற கேள்விக்கு இன்றளவும் விடை இல்லை.

இடைப்பட்ட காலத்தில் பொது நிலமும் கைமாறியது. 2005இல் தேசிய பஞ்சாலைக் கழகம் தன் வசமிருந்த மும்பை டெக்ஸ்டைல் மில்லின் சுமார் 17 ஏக்கரை 702 கோடி ரூபாய்க்கு விற்றது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே நிலம் சுமார் 2,700 கோடி ரூபாய்க்கு மீண்டும் கைமாறியது. அமெரிக்க அதிபரின் பெயர் தாங்கிய அடுக்குமாடிக் கோபுரம் இன்று நிற்பது அந்த ஆலை மண்ணில்தான்.

திறந்தவெளியை இழந்த நகரம் அதன் விலையை உயிர்களாகச் செலுத்தியது. 2017 செப்டம்பர் 29 அன்று, ஆலைத் தொழிலாளர்களின் காலத்து எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோபுரங்களில் வேலைக்கு வரும் கூட்டம் பெருகியது, படிக்கட்டு பெருகவில்லை. சரியாக மூன்று மாதம் கழித்து, கமலா மில் வளாகத்தின் கூரைமேல் இயங்கிய மதுக்கூடங்களில் பரவிய தீ 14 உயிர்களைப் பறித்தது.

குலுக்கலில் ஓர் உரிமை

வீட்டுவசதிக்குக் கிடைத்த சொற்ப நிலத்தில் கட்டப்பட்ட வீடுகள், முன்னாள் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பித்தோர் ஒன்றரை லட்சம் அளவினர். 2012இல் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகள். 2020இல் 3,894 வீடுகள். இடையில் வேறு சில குலுக்கல்கள். அனைத்தையும் கூட்டினால் விண்ணப்பித்தோரில் பத்தில் ஒருவரைத் தாண்டுவது கடினம். உரிமையாக இருக்க வேண்டியது பரிசுச் சீட்டாகிவிட்டது. எஞ்சியோருக்கு மும்பைக்கு வெளியே ஷேலு, வாங்கணி ஆகிய இடங்களில் வீடு தருவதாக மாநில அரசு திட்டம் வைத்திருக்கிறது. இதை ஏற்க மறுத்து, மும்பைக்குள்ளேயே வீடு கேட்டு 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் தொழிலாளர்கள் திரண்டனர். கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களை அறிந்த நமக்கு, இந்தத் தூரத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்துக்கு என்ன கேட்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை பார்த்ததற்கான சான்று, வருங்கால வைப்பு நிதி விவரம், ஈட்டுறுதி அட்டை. பல தலைமுறைகளாக ஆவணங்களுக்கு வெளியே வைக்கப்பட்ட சமூகத்திடம் ஆவணம் கேட்கும் ஒவ்வொரு திட்டமும், சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதி வேலையைச் செய்யும் ஆபத்து உடையது.

கீழ்த்தளத்தில் ஒரு சட்டம், மேல்தளத்தில் ஒரு சட்டம்

இனி வளாகத்துக்குள் நுழைவோம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு, கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழையச் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தனியாரையும் கட்டுப்படுத்தும் அரிய உறுப்புகளில் இது ஒன்று. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் இதன் மீதான விவாதத்துக்கு விடையளித்த அம்பேத்கர், ‘கடை’ என்ற சொல்லைப் பரந்த பொருளில் பயன்படுத்தியிருப்பதாக விளக்கினார். விலைக்குப் பொருள் தரும் இடம் மட்டுமல்லாமல், சேவை வழங்க முன்வரும் எவருடைய இடமும் அதனுள் அடங்கும் என்றார். முடிதிருத்தகம், சலவையகம் முதல் மருத்துவர், வழக்குரைஞர் வரை. 2011இல் உச்சநீதிமன்றம் தனியார் கல்வி நிறுவனம் தொடர்பான இந்திய மருத்துவச் சங்க வழக்கில் இந்த விளக்கத்தையே துணைக்கழைத்தது.

ஆக, வளாகத்தின் கீழ்த்தளங்கள் 15(2)இன் ஆளுகைக்கு உட்பட்டவை. மின்தூக்கியில் ஏறிக் குடியிருப்புத் தளத்துக்குச் சென்றால் நிலைமை மாறுகிறது. 2005இல், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினராவதைத் தம் சமூகத்தாருக்கு மட்டும் என்று வரையறுக்கும் துணைவிதி செல்லும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் சேரும் உரிமை அங்கே சமத்துவத்தை வென்றது. சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் வழக்கில் எழுந்த இந்தத் தர்க்கம், ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போனால் என்னவாகும் என்பதை வீடு தேடி அலைந்த எந்தத் தலித் இளைஞரிடமும் கேட்கலாம். ‘சைவ உணவுக் குடும்பத்துக்கு மட்டும்’ என்ற அறிவிப்பில் சாதிப் பெயர் இருக்காது.

ஒரே கட்டடத்தில், பணம் செலவழிக்க வரும் தலித்துக்கு அரசமைப்பின் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்கிறது. குடியேற வரும் தலித்துக்கு அது கலங்கலாகிறது. ஆனால் கையறு நிலை இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ பெறவோ அதில் வசிக்கவோ தீண்டாமையின் அடிப்படையில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. 2023 ஜனவரியில் அரசமைப்பு அமர்வு, 19, 21ஆம் உறுப்புகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்ட முடியும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. இந்த இரண்டையும் இணைத்து வாடகை மறுப்பு வழக்குகளை நாம் இன்னும் முறையாகத் தொடுக்கவில்லை என்பது நம் பக்கத்துக் குறை.

நுழைந்தவர்கள் பெற்ற நிலம்

ஆலை நில வரலாற்றில் தலித் மக்கள் வென்ற பக்கமும் உண்டு. தாதரில், அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட சைத்தியபூமிக்கு அருகே, இந்தியா யுனைடெட் ஆலைகளின் ஆறாம் ஆலை இருந்தது. சுருக்கமாக ‘இந்து மில்’. மூடப்பட்ட அந்த ஆலையின் நிலத்தை நினைவிடத்துக்குத் தர வேண்டும் என்பது நெடுங்காலக் கோரிக்கை. 2011 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளன்று, தொண்டர்கள் ஆலைக்குள் நுழைந்து அமர்ந்தனர். ஓராண்டுக்குள், 2012 டிசம்பரில், சுமார் 12 ஏக்கரையும் நினைவிடத்துக்குத் தர ஒன்றிய அரசு இணங்கியது. 58ஆம் விதியின் பங்குக் கணக்கு அங்கே எழவில்லை. அரசியல் உறுதி இருந்தால் முழு நிலத்தையும் மக்களுக்கு எழுதிவைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

வொர்லியின் பி.டி.டி. சால்கள் இன்னொரு பாடம். பிரிட்டிஷ் அரசு 1920களில் கட்டிய இக்குடியிருப்புகளில் ஆலைத் தொழிலாளர்களும், பௌத்தம் தழுவிய தலித் குடும்பங்களும் 160 சதுர அடி அறைகளில் வாழ்ந்தனர். 1974இல் தலித் பேந்தர்கள் மீதான தாக்குதல்களைச் சந்தித்த தெருக்கள் அவை. 2025 ஆகஸ்டில், அதே இடத்தில் எழுந்த கோபுரங்களில் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி சொந்த வீடுகளின் சாவி வழங்கப்பட்டது. பராமரிப்புச் செலவை அவர்கள் எப்படித் தாங்குவார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆனாலும் அடுக்குமாடி என்பது தன்னளவில் நமக்கு எதிரியன்று என்பதை இது காட்டுகிறது. நிலம் அரசுடையது; குடியிருந்தோர் இடத்தை விட்டு நகரவில்லை; ஆகவே உயரம் அவர்களுக்கும் பங்கு தந்தது.

நினைவிடம் நமக்கு வேண்டும். அந்த நினைவிடத்துக்கு நடந்து வரும் தூரத்தில் நம் மக்களுக்கு வீடும் வேண்டும். முதலாவதைக் கேட்டபோது காட்டிய ஒற்றுமையை இரண்டாவதில் காட்டியிருக்கிறோமா என்று நம் இயக்கங்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய தருணம் இது.

பெரம்பூர் தொலைவில் இல்லை

சென்னையின் பின்னி ஆலையை நினைத்துப் பாருங்கள். 1921ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சாதி இந்துத் தொழிலாளர்களும் பிளவுபட்டு, புளியந்தோப்பு எரிந்த வரலாறு அந்த ஆலையைச் சுற்றியது. பெரம்பூரின் அந்த ஆலை நிலத்திலும் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. மும்பையின் 58ஆம் விதி போன்ற ஒன்று இங்கே இல்லை. பெரிய மனைகளில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்லும் விதி உண்டு. சில நேர்வுகளில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழியும் அதில் உண்டு.

எனவே மாணவத் தோழர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. உங்கள் ஊரில் ஓர் ஆலையோ தோல் பதனிடும் கூடமோ மூடப்பட்டு, அங்கே ஒரு வளாகம் எழப்போகிறது என்று தெரிந்தால், விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள். திட்ட அனுமதியைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுங்கள். பொது ஒதுக்கீடு மொத்த நிலத்தில் கணக்கிடப்பட்டதா, அதில் ஒரு பகுதியிலா என்று பாருங்கள். ஒதுக்கீடு நிலமாக வந்ததா, பணமாகப் போனதா என்று கேளுங்கள். விதித் திருத்தத்தின் வரைவு வெளியாகி ஆட்சேபணை கோரப்படும்போது, அந்தச் சில வாரங்களுக்குள் எழுதி அனுப்புங்கள். மும்பையில் 2001இல் நழுவிய நிலத்தை நீதிமன்றத்தால் மீட்டுத் தர முடியவில்லை.

‘கடை’ என்ற ஒரு சொல்லை அம்பேத்கர் விரித்தார். கோடிக்கணக்கானோருக்குக் கதவு திறந்தது. ‘திறந்தவெளி நிலம்’ என்ற ஒரு சொல்லை ஓர் அரசு சுருக்கியது. லட்சக்கணக்கானோரின் வீடு பறிபோனது. சட்டத்தின் வரையறைப் பிரிவுகளைச் சலிப்பூட்டும் பக்கங்கள் என்று தாண்டிச் செல்லும் உரிமை நமக்கு இல்லை.